எழுத்தே செல்லும்

1

புதுக்கவிதை புரியவில்லை என்கிறவர்களோடு வாதாடியே தமிழ்ச் சிற்றேடுகள் தங்கள் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டன. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் அறுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிறது. இன்னும் அதே வாதம், அதே பதில்கள். பண்டிதருக்குப் புதுமை ஆகாது, பாமரனுக்குப் பயிற்சி கிடையாது, பேராசிரியருக்கு இரண்டு குறையும் உண்டு என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். புரியவில்லை என்கிறவன் குறைந்தபட்சம் உண்மை பேசுகிறான் என்பதை மட்டும் கவனிக்கத் தவறுகிறோம். அவன் கவிதைக்குள் இறங்கியிருக்கிறான். ஏதோ ஒரு வரியில் கால் இடறி நின்றிருக்கிறான். நின்றதைச் சொல்லவும் செய்கிறான். நம்மில் பெரும்பாலோருக்கு எந்தக் கவிதையிலும் கால் இடறுவதே கிடையாது. வரிகளின் மேல் நடந்தால்தானே இடறுவதற்கு?

எனவே இந்தக் கட்டுரை அவனைப் பற்றியதல்ல. சில நூறு பிரதிகள் அச்சிட்டு, ஒருவர் தொகுப்புக்கு ஒருவர் முன்னுரை எழுதிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் நம் சிறிய வட்டத்தைப் பற்றியது. என் குற்றச்சாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமகாலக் கவிதையை வாசிக்காதவர்களில் முதலிடம் நமக்கு. வாசிக்க வந்தவனின் தன்னம்பிக்கையைக் கெடுத்து அனுப்பியதிலும் முதலிடம் நமக்கே.

ஆதாரம் வேண்டுவோர் நம் மதிப்புரைகளை எடுத்துப் பார்க்கலாம். 'படிமச் செறிவு', 'சொற்சிக்கனம்', 'இருப்பின் அபத்தம்', 'மௌனத்தின் மொழிபெயர்ப்பு', 'மொழியின் சாத்தியங்களை விரிவாக்கும் எத்தனம்'. ஒரு மதிப்புரையிலிருந்து கவிஞர் பெயரை நீக்கிவிட்டு இன்னொருவர் பெயரைப் பொருத்திப் பாருங்கள். எங்காவது இடிக்கிறதா? இடிக்காது. கவிதையின் ஒரு சொல்லைக்கூட அந்த மதிப்புரை தொடவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இதைப் படிக்கும் புதிய வாசகன் என்ன நினைப்பான்? இவ்வளவும் அந்தக் கவிதையில் இருக்கிறது, தனக்குத்தான் தென்படவில்லை என்று நினைப்பான். தன் கண்ணைச் சந்தேகிப்பான். எலியட் படிக்க வேண்டும், காம்யு படிக்க வேண்டும், ஜென் தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வரலாம் என்று முடிவு செய்து கௌரவமாக விலகிக்கொள்வான். அப்படி விலகியவர்கள் எங்கள் ஊரிலேயே எத்தனையோ பேர்.

நான் வங்கியில் குமாஸ்தா. காசோலை வந்தால் கையொப்பத்தைச் சரிபார்ப்பது என் வேலை. நம் விமர்சனமும் இதே வேலையைத்தான் செய்கிறது. கவிதைக்குக் கீழே உள்ள பெயரைப் பார்க்கிறது. பெயர் தெரிந்ததாக இருந்தால் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு நல்ல விதியும் இருக்கிறது. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. தொகை இலக்கத்தில் ஒன்றாகவும் எழுத்தில் வேறொன்றாகவும் குறிக்கப்பட்டிருந்தால், எழுத்தில் உள்ளதே தொகை. எழுத்தே செல்லும். ஒரு கவிதையைப் பற்றிய நம் அபிப்பிராயமும் அந்தக் கவிதையின் எழுத்தும் முரண்படும்போது எது செல்ல வேண்டும் என்பதற்கு இலக்கியத்தில் நம்மிடம் விதி இல்லை. நடைமுறையில் அபிப்பிராயமே செல்கிறது.

2

'எழுத்து' கவிதைக்காகத் தொடங்கப்பட்ட ஏடு அல்ல என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். செல்லப்பா அதை முதன்மையாக விமர்சனத்துக்கென்றே தொடங்கினார். புதுக்கவிதை அதற்குள் வந்து சேர்ந்தது. ந. பிச்சமூர்த்தியின் கவிதைகள், தருமு சிவராமு, சி. மணி, வைத்தீஸ்வரன் ஆகியோரின் வருகை, 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுதி, இவையெல்லாம் நமக்கு மனப்பாடமான வரலாறு. மனப்பாடம் ஆகாதது ஒன்று உண்டு. செல்லப்பா ஒரு படைப்பை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராயும் காரியத்தை விடாமல் செய்தார். அதற்கு அலசல் என்று பெயர் வைத்தார். கேலிக்கு வாகான பெயர், கேலியும் செய்தார்கள்.

க.நா.சு.வுக்கு இந்த வழியில் நம்பிக்கை குறைவு. சிறந்த நூல்களைத் தொடர்ந்து படித்துவந்தால் ரசனை தானாகத் தேறும், தேறிய ரசனை தரத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கட்சி. அவரளவில் அது சரி. அவ்வளவு படித்தவருக்கு அந்தச் சலுகை உண்டு. அவருக்குப் பின் வந்தவர்கள் அவருடைய படிப்பை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் பத்துப் பெயர் சொல்லலாம். ஏன் இந்தப் பத்து என்று கேட்பது அநாகரிகம். 'எழுத்து' 1970இல் நின்றது. அதிலிருந்து நாம் கவிதையை எடுத்துக்கொண்டோம். வாசிப்பை அங்கேயே விட்டுவிட்டோம்.

செல்லப்பாவின் அலசலுக்குப் பின்னால் ஆங்கில, அமெரிக்க விமர்சனத்தின் பாதிப்பு உண்டு. அந்த மரபின் தொடக்கத்தில் இருப்பது ஒரு பரிசோதனை. 1920களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தன் மாணவர்களுக்குக் கவிதைகளைப் பெயர் நீக்கிக் கொடுத்தார். யார் எழுதியது, எந்தக் காலம் என்ற குறிப்பு எதுவும் இல்லை. படித்துவிட்டுத் தோன்றுவதை எழுதித் தரச் சொன்னார். அவர்கள் எழுதித் தந்தவற்றை, பதின்மூன்று கவிதைகளோடு சேர்த்து 1929இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் மிக உயர்ந்த கல்வி பெற்றுக்கொண்டிருந்தவர்கள் ஜான் டன்னையும் ஹாப்கின்ஸையும் உதறித் தள்ளியிருந்தார்கள். பெயர் தெரிந்திருந்தால் எழுந்து நின்று வணங்கியிருக்கக் கூடியவர்கள்.

ரிச்சர்ட்ஸ் அவர்களைக் கேலி செய்யவில்லை. எங்கே தடம் புரள்கிறது என்று வகைப்படுத்தினார். அவர் சொன்ன பத்து இடர்ப்பாடுகளில் முதலாவது தத்துவச் சிக்கல் அல்ல, படிமச் சிக்கலும் அல்ல. கவிதையின் நேரான பொருளை, இந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்பதைப் பிடிக்க முடியாமல் போவது. கவிதைக்குச் சம்பந்தமில்லாத சொந்த ஞாபகங்கள் குறுக்கிடுவது இன்னொன்று. கவிதை கேட்பதற்கு முன்பே தயாராக இருக்கும் எதிர்வினை வேறொன்று. ஏற்கெனவே பற்றிக்கொண்ட கோட்பாடு மற்றொன்று.

நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த மூன்று வருஷத்தில் இந்தப் பத்தும் தேர்வுக்கான குறிப்பாக வந்தன. வரிசை பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்கினோம். பெயரில்லாத ஒரு கவிதையை யாரும் எங்கள் முன் வைக்கவில்லை. பாடப்புத்தகத்தில் கவிதைக்கு முன்பாகக் கவிஞரின் பிறப்பும் பெருமையும் இருந்தன. கவிதைக்குப் பின்னால் சாரம் இருந்தது. நடுவில் இருந்ததைத் தாண்டிப் போவதற்கான பாலங்கள் அவை. இன்று நம் ஏடுகளில் முன்னுரையும் பின்னட்டை வாசகமும் அதே பாலத்தைத்தான் கட்டிக்கொடுக்கின்றன.

3

ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் ஒரு மாடியறையில் மாதம் ஒரு முறை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். இந்தப் பரிசோதனையை அங்கே செய்து பார்த்தேன். பிறர் கவிதையைக் கொடுத்தால் யாராவது முன்பே படித்திருக்கக்கூடும் என்பதால் நானே ஐந்து வரி எழுதி, பெயர் போடாமல் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

பாலத்தைக் கடக்கும்போது
எல்லோரும் சன்னலுக்கு வருகிறார்கள்
கடல் பார்க்க.
கருவாடு காயப்போடுகிறவள்
ரயிலைப் பார்க்கவில்லை.

இது உயர்ந்த கவிதை என்று நான் வாதாடப் போவதில்லை. பரிசோதனைக்குப் போதும்.

முதலில் பேசியவர், எழுதியது யார் என்று தெரிந்தால் சொல்லிவிடலாம் என்றார். இரண்டாமவர் இதில் உழைக்கும் வர்க்கத்துக்கும் உண்டுகளிக்கும் வர்க்கத்துக்கும் உள்ள முரண்பாட்டைக் கண்டார். வேடிக்கை பார்க்கிறவர்களைக் கவிஞர் சாடுகிறார் என்றார். மூன்றாமவர் அந்நியமாதல் என்றார். நான்காமவருக்குப் பாலம், ரயில், கடல் மூன்றும் சேர்ந்ததும் தனுஷ்கோடி வந்துவிட்டது; 1964 டிசம்பர் இரவைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஐந்தாமவர் 'அருமை' என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து பேரும் தீவிர வாசகர்கள். இரண்டு பேருக்குத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. ஐந்து பேரில் ஒருவர்கூட ஒரு சொல்லைச் சுட்டிப் பேசவில்லை.

அன்று ஒரு நண்பரோடு துணைக்கு வந்திருந்தவர் ஒரு பெரியவர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கவிதை படிக்கிற வழக்கம் இல்லை என்றும், பிடிக்காது என்றும் வந்தவுடனேயே சொல்லிவிட்டார். நீங்களும் ஏதாவது சொல்லுங்கள் ஐயா என்று வற்புறுத்தியபோது தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்டார்.

"எல்லோரும் என்கிறானே, அதில் அந்தப் பொம்பளை உண்டா, இல்லையா?"

"வருகிறார்கள் என்கிறான். போகிறார்கள் என்று சொல்லவில்லையே தம்பி. அப்படியானால் சொல்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்?"

அதற்குப் பிறகுதான் அந்த அறையில் கவிதை வாசிப்பு என்பது தொடங்கியது. சொல்கிறவன் ஏற்கெனவே சன்னலில் இருக்கிறான். மற்றவர்கள் அவன் இருக்கும் இடத்துக்கு வருகிறார்கள். வேடிக்கை பார்ப்பவர்களைச் சாடும் கவிதை என்றால் சாடுகிறவனே முதல் வேடிக்கைக்காரன். இரண்டாமவரின் வர்க்க முரண்பாடு பொய்யாகிவிடவில்லை. ஆனால் அது இப்போது கவிஞரையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. சௌகரியமான சாடல், சௌகரியம் குறைந்த வேறொன்றாக மாறியது.

அதுவரை வாய் திறக்காமலிருந்த ஒரு கல்லூரி மாணவி, பாம்பனைச் சேர்ந்தவர், தனக்குக் கவிதை தெரியாது என்ற பீடிகையோடு ஒன்று சொன்னார். பாலத்தின் மேல் யாரும் கருவாடு காயப்போட முடியாது. அது கரையில் நடக்கிற வேலை. அப்படியானால் மூன்றாம் வரியின் முற்றுப்புள்ளிக்கும் நான்காம் வரிக்கும் இடையில் ரயில் பாலத்தைக் கடந்து முடித்துவிட்டது. கடல் பார்க்க வந்தவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருப்பார்கள். சன்னலில் மிச்சமிருந்தவன் ஒருவன். அவளைப் பார்த்தவன் அவன். இதைச் சொல்லிவிட்டு அவரே கேட்டார்: 'கடல் பார்க்க' என்று இருக்கிறது, ஆனால் 'ரயிலைப் பார்க்கவில்லை' என்று இருக்கிறதே, ஏன்?

பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதலாவது இரண்டாம் வேற்றுமைத் தொகை, அடுத்தது விரி என்றார். உருபு மறைந்து வரும்போது 'கடல் பார்க்க' என்பது 'படம் பார்க்க', 'பொருட்காட்சி பார்க்க' என்பதுபோல ஒரு பொழுதுபோக்கின் பெயராகிவிடுகிறது. எந்தக் கடல் என்ற கேள்வி அதில் எழுவதில்லை. 'ரயிலை' என்னும்போது அது இந்த ரயில், அவன் உட்கார்ந்திருக்கும் ரயில். தான் பார்க்கப்படவில்லை என்பது அவனுக்கு உறைத்திருக்கிறது.

தொகுப்பு வெளியிட்டிருந்த நண்பர் ஒருவர், கடைசிச் சொல் 'பார்ப்பதில்லை' என்று இருந்தால் இன்னும் வலுவாக இருக்கும் என்றார். நல்ல யோசனை, ஏனென்றால் அது கெட்ட யோசனை என்பதை எல்லோரும் உடனே கண்டுகொள்ள முடிந்தது. 'பார்ப்பதில்லை' என்றால் அவள் ஒருநாளும் பார்க்காதவள் ஆகிவிடுகிறாள்; உழைப்பின் சின்னமாகிச் சுவரொட்டியில் நின்றுவிடுகிறாள். 'பார்க்கவில்லை' என்றால் அன்று, அந்தக் கணத்தில், பார்க்கவில்லை. ரயிலில் போகிறவனுக்கு அதற்கு மேல் சொல்ல உரிமை கிடையாது. மூன்று எழுத்துகளின் வித்தியாசத்தில் ஒரு பெண் மனுஷியாகவோ சின்னமாகவோ ஆகிறாள் என்பதை அந்த மாலையில் எட்டுப் பேர் பார்த்தார்கள்.

எழுதும்போது இவற்றில் எதுவும் என் மனதில் இல்லை. ஆசிரியனின் நோக்கம் கவிதைக்கு அளவுகோல் ஆகாது என்று விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் எழுதியதற்கு அந்த அறையில் நானே சாட்சியாக உட்கார்ந்திருந்தேன். பெரியவர் விடைபெறும்போது, இது பாட்டுத்தானா என்பதில் தனக்கு இன்னும் சந்தேகம்தான் என்றார். நியாயமான சந்தேகம். ஆனால் அதைச் சொல்லும் தகுதியை அவர் அன்று சம்பாதித்திருந்தார்.

4

புதுக்கவிதையே படித்திராத ஒருவருக்கு அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன? கேம்பிரிட்ஜிலிருந்து அல்ல. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வருதல், தருதல் என்னும் சொற்களைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும், செல்லுதல், கொடுத்தல் என்பவற்றைப் படர்க்கைக்கு உரியவை என்றும் பிரிக்கிறது. வினைச்சொல்லுக்குள்ளேயே பேசுகிறவன் நிற்கும் இடம் இருக்கிறது என்பது நம் மொழியின் மிகப் பழைய இலக்கணத்தில் உள்ள செய்தி. அவர் மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது.

உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் பின்பற்றும் வரிசை கவனிக்கத் தக்கது. முதலில் கூற்று: யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது. பிறகு பதவுரை. பிறகு முடிபு: எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போய் முடிகிறது. அதற்குப் பிறகுதான் கருத்து. அப்புறம் விசேடவுரை. கருத்துக்கு முன்னால் மூன்று படிகள். நாம் கருத்திலிருந்து தொடங்குகிறோம். பெரும்பாலும் அதிலேயே முடித்தும்விடுகிறோம். மாடியறையில் பேசிய முதல் ஐந்து பேரும் கருத்துச் சொன்னவர்கள். பெரியவர் கூற்று கேட்டார். பாம்பன் பெண் முடிபு கேட்டார்.

இந்த மரபுக்கு எங்கள் மண்ணிலேயே வேர் இருக்கிறது. 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் அமைத்த பாண்டித்துரைத் தேவர் சேதுபதி மரபினர். சேது சமஸ்தான வித்வானாக இருந்த ரா. இராகவையங்கார் 'செந்தமிழ்' பத்திரிகையின் முதல் ஆசிரியர். குறுந்தொகைக்கு விளக்கம் எழுதியவர். இதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான், 1985இல் அது பிரிக்கப்படும்வரை, சிவகங்கையும் இருந்தது. அங்கிருந்துதான் மீராவின் அன்னம் பதிப்பகம் நவீன கவிதைத் தொகுப்புகளை அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. உரைகாரர்களின் ஊரும் புதுக்கவிதையின் அச்சகமும் ஒரே மாவட்டத்தில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பண்டிதர் கையில் சாவியை வைத்துக்கொண்டு, இந்தப் பூட்டு தமிழ்ப் பூட்டே அல்ல என்றார். நாம் பண்டிதரைக் கேலி செய்த வேகத்தில் சாவியையும் கேலி செய்தோம். உரை என்றாலே பொழிப்புரை, கோனார் நோட்ஸ் என்று முகம் சுளித்தோம். உரை என்பது ஒரு சொல் ஏன் இந்த இடத்தில் இந்த வடிவத்தில் நிற்கிறது என்று கேட்கும் பிடிவாதம் என்பது நமக்குத் தெரியாமலே போயிற்று.

ஒரு ஆட்சேபம் வரும். சங்கப் பாடலுக்குக் கூற்றுக் குறிப்பு இருக்கிறது. தலைவி, தோழி என்று முன்பே தெரிந்த பாத்திரங்கள் இருக்கிறார்கள். புதுக்கவிதையில் பேசுகிறவன் யாரென்றே தெரியாது. தெரியாமலிருப்பதே அதன் குணம். உண்மைதான். ஆனால் அந்தக் கூற்றுக் குறிப்புகளைப் பாடியவர்களே எழுதவில்லை, பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்தார்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அதாவது அவை யாரோ ஒரு வாசகன் செய்த வேலை. பாட்டைப் படித்துவிட்டு இது இன்னார் இன்னாரிடம் சொன்னது என்று ஊகித்து, ஒரே வரியில் எழுதித் தன் தலையைப் பணயம் வைத்தவன் அவன். புதுக்கவிதைக்கும் அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். 'ரயில் கரையேறிய பின்னும் சன்னலை விட்டு நகராதவன், தன்னைக் காணாதவளைக் கண்டு தனக்குள் சொல்லியது.' இதை எழுத முடிந்தால் கவிதை பாதி புரிந்துவிட்டது. எழுத முடியாவிட்டால் எந்தச் சொல் நம்மைத் தடுக்கிறது என்பதாவது தெரிந்துவிடும். புரியாமையிலேயே இது தெளிவான புரியாமை. 'உணர்ந்தேன்' என்பதைவிட எவ்வளவோ மேல். சில கவிதைகளில் பேசுகிறவனைக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்போது அதையும் சொற்களைக் காட்டி நிறுவலாம். அதுவும் வாசிப்பே.

5

அலசினால் கவிதை செத்துவிடும் என்பது நம் வட்டத்தின் மிகப் பிரியமான மூடநம்பிக்கை. எனக்குத் தெரிந்து அலசலால் செத்தவை, முன்பே செத்திருந்த கவிதைகள்தான். உயிருள்ளது தாங்கும். இந்த மூடநம்பிக்கையால் லாபம் அடைகிறவர்கள் யார் என்று பார்த்தால் அது நிலைத்திருப்பதன் காரணம் விளங்கிவிடும். எவனும் தன் வரியைத் தொட்டு, 'இந்தச் சொல் ஏன்?' என்று கேட்கக்கூடாது என்று விரும்பும் கவிஞனுக்கு இது கவசம். வரியைத் தொட முடியாத விமர்சகனுக்கு இது மறைவிடம். நட்டமடைகிறவர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டு எழுதிய கவிஞன் ஒருவன். அவனுக்கும் அதே 'படிமச் செறிவு'தான் கூலி. இன்னொருவன் வாசகன்.

கவிதையைச் சொல்லுக்குள் அடைத்து வைத்துச் சமூகத்தை வெளியே தள்ளுகிறான் என்று இன்னொரு தரப்பு சொல்லும். வெளி உலகம் கவிதைக்குள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாசல் வழியாக வரட்டும் என்கிறேன். சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம். பாம்பன் பெண்ணுக்குக் கருவாடு எங்கே காயும் என்று தெரியும். அந்த அறிவு 'பாலம்' என்ற சொல் வழியாகவும் 'காயப்போடுகிறவள்' என்ற சொல் வழியாகவும் உள்ளே வந்து கவிதையைத் திறந்தது. தனுஷ்கோடி நண்பரின் ஞாபகத்துக்குக் கவிதையில் தொங்குவதற்கு ஒரு ஆணிகூட இல்லை.

இந்தக் கரையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் ஊரையும் பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலையும் கடல் கொண்டுபோன பிறகு, இங்கே கடல் என்று எழுதினாலே தனுஷ்கோடி என்று வாசிக்கிறார்கள். படகு என்று எழுதினால் கச்சத்தீவு. அலை என்றால் அழிவு. துயரம் பெரியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லாக் கடலையும் அந்த ஒரே இரவாக வாசித்தால் அந்த இரவைப் பற்றி உண்மையாக எழுதப்படும் கவிதையை எப்படி அடையாளம் காண்பது? தயாராக வைத்திருக்கும் கண்ணீர், கவிதையிடம் எதையும் பெற்றுக்கொள்வதில்லை.

இதைவிடக் கடுமையான உதாரணம் ஒன்று உண்டு. 1983க்குப் பிறகு ராமேஸ்வரம் கரையில் அகதிகள் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் நிரம்பியது. 1985இல் 'மரணத்துள் வாழ்வோம்', 1986இல் 'சொல்லாத சேதிகள்' என்று ஈழத்திலிருந்து தொகுப்புகள் வெளிவந்தன. கடல் அகலத்துக்கு அப்பால் தமிழ்க் கவிதையில் ஒரு புதிய குரல் பிறந்திருந்தது. தமிழ்நாட்டில் அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பில் பெரும் பகுதி அனுதாபம். அந்தக் கவிதைகளில் பேசுகிறவர் யார், 'நாம்' என்ற சொல் எங்கே விரிகிறது, எங்கே யாரை வெளியே விடுகிறது, பெண்கள் எழுதும்போது 'நான்' எந்தத் தயக்கத்தோடு வருகிறது என்று எத்தனை பேர் வரி காட்டிப் பேசினார்கள்? போர்ச் செய்தியாகப் படித்தோம். செய்தி பழையதானதும் மூடி வைத்தோம். உயிரைப் பணயம் வைத்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சொல்லைப் படிப்பதுதான் மரியாதை. அனுதாபமும் வாசிக்காமலிருப்பதற்கு ஒரு வழிதான். மிக நாகரிகமான வழி.

தன்னம்பிக்கை என்ற சொல்லை முதலில் பயன்படுத்தினேன். அபிப்பிராயத்தில் உரத்த குரல் என்று அதற்குப் பொருள் இல்லை. அது நம்மிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து 'இங்கே' என்று சொல்ல முடிவதே வாசகனின் தன்னம்பிக்கை. விரல் ஒரு இடத்தில் இருந்தால்தான் இன்னொருவன் 'இல்லை, அங்கே' என்று மறுக்க முடியும். மறுக்க முடியாத வாசிப்பு வாசிப்பு அல்ல, பிரகடனம். பாம்பன் மாணவிக்கு அந்த நம்பிக்கை வர எலியட் தேவைப்படவில்லை. யாரும் தன்னை மட்டம் தட்டாத ஒரு அறை, பெயரில்லாத ஒரு தாள், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு கிழவர், இவ்வளவுதான் தேவைப்பட்டது. இவற்றில் எதுவும் நம்மால் கொடுக்க முடியாதது அல்ல. நாம் கொடுக்கவில்லை.

அடுத்த இதழுக்கு மதிப்புரை எழுத உட்காருகிறவர்களுக்கும், அதை வாங்கி அச்சிடுகிறவர்களுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தொகுப்பில் ஒரே ஒரு கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். கவிஞர் பெயரைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதற்கு அதில் ஒரு சொல்லைக் காட்டுங்கள். காட்ட முடியவில்லையென்றால் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே அச்சிடலாம். வாசகன் அதையாவது நம்புவான்.